பிள்ளை யாரோடு விளையாடுகிறான்?

திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட மேட்டை நம்மவர் உவர்மலை என்றே வழங்குவர். மாலை ஐந்து மணிக்குப் பிற்பாடு அங்கு நின்று கீழே நோக்கினால், உட்துறைமுகம் தேய்த்து வைத்த வெண்கலத் தாம்பாளம் போல மின்னிக் கிடக்கும். கடற்காற்றுக்கும் குறைவில்லை, ஓடி விளையாட இடத்துக்கும் குறைவில்லை. ஆயினும் எமது ஒழுங்கை முனையிலுள்ள மதகுக் கட்டில் அந்நேரம் ஐந்தாறு சிறுவர் வரிசையாக அமர்ந்து, ஆளுக்கொரு கைத்தொலைபேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு, "பின்னால வாறான், பின்னால வாறான், சுடடா!" என்று கூவுவதையே நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒருவன் தோளோடு மற்றவன் தோள் உராய்கிறது. ஆனால் அவர்கள் கூடி விளையாடும் களம் அந்த மதகிலே இல்லை. எங்கோ ஒரு கற்பனைத் தீவில் இருக்கிறது. அத்தீவில் மதகிலிருக்கும் ஐவரைத் தவிர, பெயரும் ஊரும் தெரியாத வேறு பலரும் நிற்கின்றனர்.

"அக்காலத்தில் நாங்கள் கிளித்தட்டு மறித்தோம், போளையடித்தோம்" என்று புராணம் படிக்க நாம் வரவில்லை. கிளித்தட்டு நல்ல விளையாட்டுத்தான். அதற்குப் பத்துப் பேரும் ஒரு வெறும் வளவும் வேண்டும். ரியூசன் முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது பொழுது பட்டுவிடுகிறது. மேலும், 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து "இதிலே படி" என்று சொன்னவர்கள் யார்? உபாத்தியாயர்களாகிய நாமே. பாடம் முடிந்தது, தொலைபேசி மட்டும் திரும்பி வரவில்லை. ஆகவே, விளையாடலாமா கூடாதா என்ற வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, விளையாடத்தான் போகிறான் என்றால் எதனை விளையாட விடுவது என்பதைக் குறித்தே இங்கு எழுதுகிறோம். எழுதத் தூண்டியது ஒரு சம்பவம்.

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் அந்திப்பொழுதில் அயலிலுள்ள தாய் ஒருவர், தமது பதினொரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு எம் வீட்டுக்கு வந்தார். கணவர் கட்டாரில் தொழில் பார்ப்பவர். "சேர், பதினெட்டாயிரம் ரூபாய் போயிட்டுது. நான் கேட்டா அழுகிறானேயொழிய வாய் திறக்கிறானில்லை. நீங்கள் ஒருக்காக் கேளுங்கோ" என்றார். பையன் எமது முகத்தைப் பாராமல் வாசற்படியில் ஒட்டிய சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கதை மெல்ல மெல்ல வெளிவந்தது. தகப்பனார் முன்னொரு தேவைக்காகத் தமது வங்கி அட்டையைத் தாயின் தொலைபேசியில் பதிந்துவிட்டு, அதனை நீக்க மறந்து கடல் கடந்துவிட்டார். பையன் விளையாடிய இலவச விளையாட்டில் அவனுக்கு ஓர் "அண்ணா" அறிமுகமானார். தமிழில் பேசினார், அன்பாகப் பேசினார். முதலில் அவரே இவனுக்கு ஒரு சட்டை வாங்கிப் பரிசளித்தார். நிசச் சட்டை அன்று, திரையில் ஓடும் பொம்மைக்கு அணிவிக்கும் சட்டை. பிற்பாடு, "எனக்கும் ஒன்று வாங்கித் தா, இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன்" என்றார். பையன் வாங்கிக் கொடுத்தான். மறுபடியும் கொடுத்தான். அதன்பின் அவர் இவனுடைய நிழற்படத்தைக் கேட்டார். வீடு எங்கே என்றும் கேட்டார். இவன் தயங்கியபோது, "காசு எடுத்த விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்று வெருட்டத் தொடங்கினார். மூன்று வாரமாக அப்பிள்ளை இந்தப் பாரத்தைத் தனியே சுமந்திருக்கிறான். முன்பின் அறியாத ஒருவனுக்கு அஞ்சியதைக் காட்டிலும் தாய்க்கு அதிகம் அஞ்சியிருக்கிறான் என்பதை எண்ணும்போதே எமக்கு நெஞ்சு கனத்தது. அவ்விளையாட்டின் பெயரை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. அந்நியர் பேசக்கூடிய எந்த விளையாட்டிலும் இது நிகழலாம்.

அன்று நாம் கூறிய புத்திமதி யாது தெரியுமா? "தொலைபேசியைப் பறித்து வையுங்கள்" என்பதுதான். வேறொன்றும் எமக்குத் தோன்றவில்லை. நான்கே நாட்களில் அப்பையன் அடுத்த வீட்டு நண்பனின் தொலைபேசியில், அதே கணக்கிற் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தான். அந்த "அண்ணா"வும் அங்கே காத்திருந்தார். இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்த எமக்கு இது ஒரு நல்ல குட்டு.

அதன்பின்னரே செய்யவேண்டிய முதல் வேலையைச் செய்தோம். ஏழாந்தரம் படிக்கும் எமது மகளைக் குருவாக வைத்துக்கொண்டு, இரண்டு கிழமை, இரவு தோறும் அரை மணி நேரம் அவ்விளையாட்டுகளை நாமே விளையாடிப் பார்த்தோம். முதல் நாள் ஒரு நிமிடங்கூட நாம் உயிரோடு நிற்கவில்லை. "அப்பா, நீங்கள் ஓடுறது எதிரி நிக்கிற பக்கம்!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த இரண்டு கிழமையில் நாம் கற்றதை எந்த நூலிலும் கற்றிருக்க மாட்டோம்.

பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, "இது துவக்குச் சுடுகிற விளையாட்டா?" என்பதே. 2009 இல் ஓய்ந்த யுத்தத்தின் நடுவே பிள்ளை பெற்று வளர்த்த நம் தாய்மாருக்கு அந்தச் சத்தமே ஆகாது. அது முற்றிலும் நியாயம். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வகை விளையாட்டு வேண்டாமென்றே நாமும் சொல்வோம். ஆனால் மேற்சொன்ன பையனை வதைத்தது துவக்கு அன்று. பணம் கேட்கும் கதவொன்று திறந்து கிடந்தது. அந்நியன் நுழையும் கதவொன்றும் திறந்து கிடந்தது. இவ்விரண்டு கதவுகளையும் ஒருவரும் பார்க்கவில்லை. படத்தில் முயற்குட்டியும் மிட்டாயும் துள்ளும் விளையாட்டிலும் இவ்விரு கதவுகளும் அகலத் திறந்து கிடக்கலாம் என்பதுதான் விஷயம்.

பணக் கதவை முதலில் பார்ப்போம். ஒரு விளையாட்டைக் காசின்றித் தருபவர் தருமம் செய்வதில்லை. பொம்மைக்கு உடை, வாகனம், நடனம், பருவத்துக்கொரு சீட்டு என்று உள்ளே ஒரு கடையை வைத்திருப்பார். அக்கடையில் ரூபாய் செல்லாது. ரோப்லொக்ஸில் "ரோபக்ஸ்", ஃபோர்ட்நைட்டில் "வி-பக்ஸ்", ஃப்ரீ ஃபயரில் "டயமண்ட்" என்று அவரவர் நாணயம் உண்டு. முதலில் ரூபாயைக் கொடுத்து அந்த நாணயத்தை வாங்க வேண்டும். பிறகு நாணயத்தைக் கொடுத்துப் பொருளை வாங்க வேண்டும். இடையிலே இந்த மாற்று ஏன் வைத்தார்கள் என்று சிந்தித்துப் பார்த்தால் சூட்சுமம் விளங்கும். எண்ணூறு நாணயம் என்றால் எத்தனை ரூபாய் என்பது கணக்கிற் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் உடனே தெரியாது. பதினெட்டாயிரம் ரூபாய் என்று எம் முன்னால் கேட்டபோதுதான் அந்தப் பையன் திடுக்கிட்டான். அவன் மனத்தில் அது வெறும் கல்லுக் கணக்காகவே இருந்தது.

பெரிய நிறுவனங்களே இதில் பிடிபட்டதுண்டு. ஃபோர்ட்நைட்டின் சொந்தக்காரரான எபிக் கேம்ஸ் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி மொத்தம் 520 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அதில் 275 மில்லியன், சிறுவரின் அந்தரங்கத் தகவலைக் காக்கும் சட்டத்தை மீறியதற்கான தண்டம். எஞ்சிய 245 மில்லியன், விரும்பாமலே பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. ஆணைக்குழு சாட்டிய குற்றங்கள் கவனிக்கத் தக்கவை. பொத்தான்கள் அமைந்திருந்த விதத்தினால், ஒரு பொருளை வெறுமனே பார்க்க முயன்றபோதும், உறங்கிய திரையை எழுப்ப முயன்றபோதும் பணம் கழிந்ததாம். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் நேரடிக் குரற்பேச்சு ஆரம்பத்திலிருந்தே திறந்து விடப்பட்டிருந்ததாம். இனிமேல் அது மூடியே இருக்க வேண்டும் என்பதும் இணக்கத்தின் நிபந்தனைகளுள் ஒன்று.

ஃபோர்ட்நைட்டின் கடையில் விற்பது பெரும்பாலும் அலங்காரமே, வாங்காதவனும் வெல்லலாம். இது ஒரு நல்ல அம்சம் என்று நாம் எண்ணினோம். மகள் எம்மைத் திருத்தினாள். ஒன்றும் வாங்காமல் ஆரம்ப உடையோடு வருபவனை மற்றப் பிள்ளைகள் "டிஃபோல்ட்" என்று பழித்துக் கூப்பிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் கிழிந்த சப்பாத்தோடு வருபவனுக்கு நேர்வது அங்கேயும் நேர்கிறது! ஆயினும், காசு கொடுத்தவனுக்குப் பலம் கூடும் விளையாட்டைவிட இது மேல் என்பதே எம் அபிப்பிராயம். பலத்தையே விற்கும் விளையாட்டில் தோல்விக்குத் தோல்வி பிள்ளையின் கை பணப் பொத்தானை நோக்கியே நகரும்.

எல்லாவற்றிலும் கெட்டது அதிர்ஷ்டப் பெட்டி. காசைக் கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே அரிய பொருளும் இருக்கலாம், குப்பையும் இருக்கலாம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டமே என்று தீர்த்தது. எமது கடைத்தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒருவன் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றால் நாம் அவனைச் சும்மா விடுவோமா? கைக்குள் இருக்கும் கடையில் அதனையே விற்கிறார்கள்.

அடுத்தது பேச்சுக் கதவு. இது பணக் கதவைவிடப் பாரதூரமானது. பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில் பேச்சு மூன்று வகைப்படும். தொலைபேசியிற் பேசுவது போலக் குரலிற் பேசுவது ஒன்று. விரும்பியதை எழுதி அனுப்புவது மற்றொன்று. "நல்ல ஆட்டம்", "உதவி தேவை" என்று முன்னரே எழுதி வைத்த வாசகங்களுள் ஒன்றைத் தொட்டு அனுப்புவது மூன்றாவது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூன்றாவது வகை போதும். பேச்சே இல்லாவிடில் இன்னும் நன்று. தொற்றுக் காலத்தில் புகழடைந்த அமங் அஸ் என்ற விளையாட்டில், 2021 முதல், பெற்றோரின் அனுமதி கிடைக்காத சிறுவருக்கு அந்த எழுதி வைத்த வாசகங்கள் மட்டுமே திறக்கும். க்ளாஷ் ரோயாலில் போர்க்களத்தில் சிரித்த முகம், அழுத முகம் முதலிய சைகைகளே உண்டு. ஆனால் "குலம்" என்ற குழுவிற் சேர்ந்துவிட்டால் அங்கே எழுத்துப் பேச்சு உண்டு. ஆகவே ஒரு விளையாட்டின் ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு நல்லதென்று தீர்மானிக்கலாகாது.

உவர்மலைப் பிள்ளைகள் அதிகம் கேட்பது ரோப்லொக்ஸ். 2006 இல் வெளிவந்த இது ஒரு விளையாட்டன்று, ஒரு பெருஞ்சந்தை. பயன்படுத்துவோரே விளையாட்டுகளைச் செய்து அங்கே வைக்கின்றனர், எண்ணிறந்தவை கிடக்கின்றன. மிருகம் வளர்ப்பதும் உண்டு, கடை நடத்துவதும் உண்டு, சிறுவர் பாராதிருப்பதே நல்லது என்பனவும் உண்டு. சிறுவர் பாதுகாப்பைக் காரணங்காட்டித் துருக்கி 2024 ஓகஸ்டில் இதனைத் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நிறுவனம், பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் விளையாட்டுக்கு வெளியே தனிச்செய்தி அனுப்ப முடியாதபடி விதியை இறுக்கியது. பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, செலவுக்கும் நேரத்துக்கும் எல்லை வைக்கவும் வழிசெய்தது. 2025 நவம்பரில், உரையாட விரும்புவோரின் வயதைச் சரிபார்க்கும் திட்டத்தையும் அறிவித்தது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் பெற்றோர் கணக்கை இணைக்காவிடில், சாவி கொடுக்கப்பட்ட பூட்டைப் பூட்டாமல் விட்டது போலத்தான்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவோம். எம்மிடம் வந்த அந்தப் பையனின் கணக்கைத் திறந்து பார்த்தோம். பிறந்த ஆண்டு 1994 என்றிருந்தது! "ஏன் ராசா இப்படிப் போட்டாய்?" என்று கேட்டால், "சில்லைச் சுத்தினேன், அங்க நிண்டுது" என்கிறான். அந்த ஒரு சுழற்றலில் அவன் முப்பது வயது ஆண்மகனாகிவிட்டான். சிறுவருக்கென்று நிறுவனம் வைத்த காவல் யாவும் அவனை விட்டு விலகிவிட்டன. பெற்றோர் இன்றிரவே செய்யக்கூடிய, ஒரு சதமும் செலவில்லாத வேலை இது: பிள்ளையின் கணக்கைத் திறந்து பிறந்த ஆண்டைப் பாருங்கள்.

விளையாட்டை இறக்கும் இடத்திலே 3+, 7+, 12+, 16+ என்று வயது இலக்கம் போட்டிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பர். அந்த இலக்கம் பெரும்பாலும், விளையாட்டைச் செய்தவர் ஒரு வினாக்கொத்துக்கு அளித்த விடையைக் கொண்டு இடப்படுவது. இரத்தம், பயங்கரம், கெட்ட வார்த்தை முதலியவற்றை அது அளக்கும். எதிரே இருந்து பேசுபவன் யார் என்பதை அது எவ்வாறு அளக்கும்? இலக்கத்தோடு சிற்றெழுத்தில் இரண்டு குறிப்புகள் காணப்படும். பயன்படுத்துவோர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்வர் என்பது ஒன்று. உள்ளே கொள்முதல் உண்டு என்பது மற்றொன்று. நாம் சொல்லிய இரண்டு கதவுகளும் அவையே. இலக்கத்தைக் காட்டிலும் அந்தச் சிற்றெழுத்தை வாசிப்பது பிரயோசனம். இந்தியாவில் 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைலும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைசெய்யப்பட்டதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அத்தடைகள் நாட்டின் பாதுகாப்பையும் தகவற் பாதுகாப்பையும் காரணங்காட்டிப் பிறந்தவை. பிள்ளைக்கு உகந்ததா என்ற ஆராய்ச்சியால் வந்தவை அல்ல.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பிடக் கூப்பிட்டால், "இந்த ஆட்டம் முடியட்டும்" என்கிறான். இது அடங்காமை என்று அடித்த தகப்பன்மாரை நாம் அறிவோம். கூட்டாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது. இவன் எழுந்தால் கூட்டாளிகள் தோற்பர். ஆகையால் ஓர் ஆட்டம் எத்தனை நிமிடம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். க்ளாஷ் ரோயாலில் மூன்று நான்கு நிமிடம். ஐம்பது பேர் இறங்கும் ஃப்ரீ ஃபயரில் ஏறக்குறையப் பத்து நிமிடம். நூறு பேர் இறங்கும் பப்ஜி மொபைலில் அரை மணியும் ஆகலாம். குறுகிய ஆட்டமே வீட்டுக்கு ஏற்றது. சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடாமல், ஓர் ஆட்டத்துக்கு முன்னரே "இதோடு வா" என்றால் சண்டை பாதி குறையும். சீனாவில் 2021 முதல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாமென்று சட்டம் போட்டார்கள். எமது வீட்டில் அரசாங்கம் தேவையில்லை; மகளின் தாயார் ஒருவரே போதும்.

சரி, எதைத்தான் கொடுப்பது? எமது வீட்டுத் தீர்ப்பை மறைக்காமற் சொல்கிறோம்.

முதலிடம் லிசெஸ் என்ற சதுரங்கத் தளத்துக்கே. 2010 இல் பிரெஞ்சு இளைஞர் ஒருவர் தொடக்கியது. இன்று நன்கொடையில் இயங்குவது. கட்டணம் இல்லை; விளம்பரம் இல்லை; கடையும் இல்லை. அதன் அமைப்பில் "சிறுவர் முறை" என்று ஒன்றுண்டு. அதனைப் போட்டுவிட்டால் தளத்திலுள்ள பேச்சு வழிகள் யாவும் மூடிக்கொள்ளும். உபாத்தியாயர் ஒரு வகுப்பை உருவாக்கி, மாணவருக்கு மின்னஞ்சல் இல்லாமலே கணக்குத் திறந்து கொடுக்கவும் முடியும். உலகில் எந்தத் தேசத்தவனோடும் பத்து நிமிட ஆட்டம் ஆடலாம். அவன் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சம்பியனான செய்திக்குப் பின், சதுரங்கம் கிழவர் விளையாட்டு என்ற எண்ணமும் நம் பிள்ளைகளிடம் குறைந்திருக்கிறது.

இரண்டாவது, நாம் சற்றும் எதிர்பாராதது: லூடோ கிங். மும்பாயில் உருவாகி 2016 இல் வெளிவந்த இந்தக் கட்ட விளையாட்டு, நமது தாயத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதில் அந்நியரோடு ஆடும் பகுதியும் உண்டு, விளம்பரமும் ஏராளம்; அவற்றை நாம் மெச்சவில்லை. ஆனால் இரகசிய இலக்கம் ஒன்றைக் கொடுத்துத் தெரிந்தவரை மட்டும் அழைத்து ஆடும் தனியறை ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்கு, கனடாவில் காலையாயிருக்கும் வேளையில், எமது மகளும் ரொறன்ரோவிலுள்ள மச்சாள்மார் இருவரும் அம்மம்மாவும் அவ்வறையிற் கூடுவர். அம்மம்மாவுக்கு வயது எழுபத்தாறு. தமது காய் வெட்டுப்படும்போதெல்லாம் "அவள் கள்ள ஆட்டம் ஆடுறாள்" என்று கடல் கடந்து கேட்கும்படி சத்தமிடுவார். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் அப்பிள்ளைகள் "வெட்டு", "பழம்" என்ற சொற்களை இவ்வழியாகவே கற்றார்கள். குடும்பங்கள் நான்கு கண்டங்களிற் சிதறிக் கிடக்கும் நமக்கு, இணைய விளையாட்டின் தலையாய பயன் இதுவே என்று எமக்குத் தோன்றுகிறது: அந்நியரைத் தேடுவதற்கன்று, உறவினரைக் கூட்டுவதற்கு. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். இதே கட்டத்தைக் காட்டிப் பணம் வைத்து ஆட அழைக்கும் வேறு செயலிகள் உண்டு. அத்தகைய பண விளையாட்டுகளை இந்தியா 2025 ஓகஸ்டில் தனிச் சட்டம் இயற்றித் தடுத்தது. பெயரிலுள்ள சிறு வித்தியாசத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

ரோப்லொக்ஸை முழுதாக மறுக்கவில்லை. பெற்றோர் கணக்கை இணைத்து, பேச்சை மூடி, பள்ளித் தோழருடன் மட்டும், நாம் ஆடிப் பார்த்த மூன்று நான்கு விளையாட்டுகளுக்குள் என்றால் ஆகட்டும். ஃபோர்ட்நைட், ஃப்ரீ ஃபயர் முதலியவற்றை ஒன்பதாந்தரம் கடந்தபின் பேசிக்கொள்வோம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறோம். அவளுக்குச் சம்மதமில்லை. வழக்கு நிலுவையில் உள்ளது.

எந்த விளையாட்டாயினும் எமது வீட்டில் அது கூடத்திலேதான். காதுக்கருவி மாட்டாமல், சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படிதான். தொலைபேசியில் வங்கி அட்டை பதிவில் இல்லை. ஒவ்வொரு கொள்முதலுக்கும் எமது கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருக்கிறோம். கூகிள் நிறுவனத்தின் ஃபமிலி லிங்க் என்ற ஏற்பாட்டினால், புதிய செயலி ஒன்றை அவள் இறக்க முயன்றால் எமது தொலைபேசிக்கு அனுமதி கேட்டு வரும். இவற்றைச் செய்து முடிக்க எமக்கு ஒரு மணி நேரமே பிடித்தது. அதிலும் பாதி நேரம், மறந்துபோன கடவுச்சொல்லைத் தேடியதிற் போயிற்று.

இனி அந்தப் பையனின் கதை. பணம் திரும்பி வரவில்லை. தகப்பனார் கட்டாரிலிருந்து இரண்டு நாள் பேசாதிருந்து, மூன்றாம் நாள் மகனோடு ஒரு மணி நேரம் கதைத்தார். அட்டையை நீக்காமற் போனது தமது பிழையும்தான் என்று சொன்னாராம். அந்த "அண்ணா" அனுப்பிய செய்திகளை அழித்துவிட வேண்டுமென்று தாய் துடித்தார். நாம் தடுத்தோம், ஏனெனில் அவையே சாட்சி. அவற்றைப் படம் பிடித்து வைத்தபின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற கட்டணமற்ற இலக்கத்துக்குத் தாயே அழைத்து விஷயத்தைச் சொன்னார். அதன்பிறகு அந்த ஆளைத் தடுத்து, விளையாட்டை நடத்துவோருக்கும் முறைப்பாடு செய்தோம். தாய் அன்று மகனை ஏசவில்லை. "உன்ர அம்மாட்டச் சொல்லுவன் எண்டு ஆர் வெருட்டினாலும், அதுக்கு முதல் நீ வந்து சொல்லிப்போடு" என்று மட்டும் சொன்னார். அவன் அப்போதும் அழுதான். ஆனால் அது வேறு அழுகை.

இப்பொழுது சனிக்கிழமை பின்னேரங்களில் அவன் எம் வீட்டுக்கு வருகிறான். எமது வகுப்புக் கணக்கில் அவனுக்கும் ஓர் இடம் உண்டு. முதல் நாள் பலகையில் காய்கள் வந்து நின்றதும், எதிரே இருப்பவனின் புனைபெயரை நெடுநேரம் உற்றுப் பார்த்தான்.

"சேர், மற்றப் பக்கத்தில இருக்கிறது ஆர்?"

"தெரியாது."

"அவருக்கு என்னைத் தெரியுமே?"

"தெரியாது."

"கதைப்பாரே?"

"கதைக்க ஏலாது. ஆட மட்டுந்தான் ஏலும்."

பையன் சிறிது யோசித்தான். பிறகு நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, இராசாவின் முன்னால் நின்ற காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினான்.